கரையின் பேச்சைக் கற்ற குரு: அண்டிரிக் அடிகளார்

(நம் பங்கின் யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



யூபிலி ஆண்டு நன்றியின் ஆண்டு. இந்த நாள்களில் நம் மேடைகளில் பலருடைய பெயர்கள் நன்றியோடு நினைக்கப்பட்டன. கோவில் கட்டியவர்களை நினைத்தோம். மணி வாங்கித் தந்தவர்களை நினைத்தோம். பள்ளிக்கு மண் சுமந்த முன்னோரை நினைத்தோம். புனித சவேரியாரை நினையாமல் நம் கடற்கரையில் எந்த விழாவும் நடப்பதில்லை. ஆனால் சவேரியார் விதைத்ததற்கு நீர் பாய்ச்சி, களை எடுத்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காவல் இருந்த ஒருவர் உண்டு. அவருக்கு நம் கரையில் சுரூபம் இல்லை, திருநாள் இல்லை, அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவாரும் இல்லை. அவரைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

அவருடைய பெயர் என்றிக்கே என்றிக்கஸ். தமிழில் நாம் அண்டிரிக் அடிகளார் என்கிறோம். சேசு சபைக் குரு; முத்துக்குளித்துறையில் மறைபணி செய்தோரின் தலைவர்; தமிழுக்கு இலக்கணம் எழுதிய முதல் ஐரோப்பியர்; தமிழ் அச்சின் தந்தை என்று அறிஞர் போற்றும் பெரியார்.

'அவர் பணியாற்றியது கிழக்கே புன்னைக்காயலில் அல்லவா? நமக்கும் அவருக்கும் என்ன உறவு?' என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை சொல்ல 1544-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அவ்வாண்டின் இறுதி மாதங்களில் சவேரியார் இக்கரை வழியே நடந்து வந்தார். பூவார், கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், பூத்துறை, தேங்காய்ப்பட்டணம், இனயம், மிடாலம், வாணியக்குடி, குளச்சல், கடியபட்டணம், முட்டம், பள்ளம் என்று பதின்மூன்று ஊர்கள். மணக்குடி மக்கள் சற்றுப் பின்னர்த் திருமுழுக்குப் பெற்றனர். ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவர் 1545 சனவரி 27-இல் எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பெயரை எழுதிக் கொடுத்தார். செபங்களை எழுதி ஊருக்கு ஒரு படி வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

ஒரு மாதம், பதின்மூன்று ஊர், பத்தாயிரம் பேர். அப்படியானால் நம் ஊருக்குக் கிடைத்தது எத்தனை நாள்? இரண்டு நாளோ மூன்று நாளோ இருக்கலாம். பிறகு அவர் போய்விட்டார். மிஞ்சியது ஒரு பெயர், ஒரு சிலுவை அடையாளம், எழுதி வைத்த சில செபங்கள். நம் முன்னோரின் விசுவாசம் முழுவதும் அன்று அந்தச் செப ஏடுகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் செபங்கள் எப்படி உருவாயின? சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசும் தமிழும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, மிகுந்த பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆர்வத்துக்கு ஈடு இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன.

ஒரு பிழையை மட்டும் சொல்கிறோம். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்களுக்கு அவ்வளவுதான் எட்டியது. சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய மக்கள், 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவேரியாரே இதை அறிந்து, தம் தோழர் மான்சிலாசுக்கு மடல் எழுதி, அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். ஒரு சொல் திருத்தப்பட்டது. மற்றவற்றை யார் திருத்துவது? கடையில் பேரம் பேசக் கற்ற மொழி மறையைச் சொல்லப் போதுமா? அவர்கள் மொழியில் பூசைக்கு 'மிஸ்ஸா' என்று பெயர். அதை அப்படியே சொன்னால் நம்மவர் காதில் 'மீசை' என்றல்லவா விழும்!

இந்த நிலையில்தான் அண்டிரிக் அடிகளார் வந்தார்.

அவர் 1520-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர்கள். அக்காலத்துப் போர்த்துக்கல்லில் யூத வழியினர் கிறித்தவரான பின்பும் 'புதுக் கிறித்தவர்' என்று தள்ளி வைக்கப்பட்டனர். இளைஞரான அண்டிரிக் முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். அவருடைய குலம் தெரிந்ததும் அச்சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-இல் புதிதாகத் தோன்றியிருந்த சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே கப்பல் ஏறிக் கோவா வந்தார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. உடல் வலுவும் குறைவு.

பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவர், பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட கடற்கரை மக்களிடம் வந்து சேர்ந்தார். இந்தப் பொருத்தத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தாம் பட்ட அவமானத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசியவரல்லர் அவர். ஆனால் மக்களை அவர்களுடைய பேச்சோடும் வழக்கோடும் அப்படியே மதித்து ஏற்க அவரால் முடிந்ததற்கு அந்த வடு ஒரு காரணமாக இருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

வந்த புதிதில் அவரும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே பேசினார். தாம் ஒன்று சொல்ல, அவர் வேறொன்று சொல்ல, கேட்டவர் மூன்றாவது ஒன்றை விளங்கிக்கொள்ளும் கதைதான். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள். தன் பாவத்தைக் குருவிடம் சொல்லு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்! தமிழ் கற்பது நடவாத காரியம் என்று முதலில் அவரே எண்ணியதுண்டு. பிறகு இரவு பகல் பாராது உட்கார்ந்தார். இலத்தீன் இலக்கணம் கற்றவர் ஆதலால், வினைச்சொல் எப்படித் திரிகிறது, பெயர்ச்சொல் எப்படி வேற்றுமை ஏற்கிறது, இறந்தகாலம் எது, எதிர்காலம் எது என்று தாமே வகைப்படுத்தி எழுதிக்கொண்டார். ஏறக்குறைய ஐந்து மாதத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையின்றிப் பேசலானார். 1548 அக்டோபர் 31-இல் வேம்பாற்றிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடலில் இந்த முயற்சியின் விவரங்களைக் காணலாம்.

தாம் எழுதிக்கொண்ட குறிப்புகளைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பின்னால் வருவோருக்குப் பயன்பட வேண்டும் என்று போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை ஆக்கினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. வெர்மீயர் என்ற செருமானிய அறிஞர் 1982-இல் அதைப் பதிப்பித்தார். தமிழறிஞர் இராசம் அம்மையாரும் ஜீன் ஹெயின் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் 2013-இல் வெளிவந்தன.

இந்த இலக்கணத்தில் நமக்குப் பெருமை தருவது ஒன்று உண்டு. தொல்காப்பியமும் நன்னூலும் புலவர் தமிழுக்கு விதி சொன்னவை. அண்டிரிக் அடிகளாரோ கரையில் காதில் விழுந்ததையும் கவனித்து எழுதினார். பதினாறாம் நூற்றாண்டில் கடற்கரை மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதன் தடயங்கள் அந்த ஏட்டில் கிடைக்கின்றன. நம் பேச்சைக் 'கடப்புறத்தான் பேச்சு' என்று கேலி செய்தவர்கள் உண்டு. பள்ளியில் அந்தக் கேலிக்கு அஞ்சி வாய் திறவாமல் இருந்த பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் ஐரோப்பியர் ஒருவர் தமிழைக் கற்று இலக்கணம் வகுத்தபோது அவருக்கு ஆசிரியராய் அமைந்தவர்களில் வலை வீசியவர்களும் முத்துக் குளித்தவர்களும் இருந்தார்கள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

1549-இல் ஒரு துயரம் நேர்ந்தது. முத்துக்குளித்துறைச் சேசு சபையினருக்குத் தலைவராயிருந்தவர் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார். இத்தாலி நாட்டினர், அண்டிரிக் அடிகளாரைப் போலவே 1520-இல் பிறந்தவர். இராமேசுவரத்துக்கு அருகில் வேதாளையில் படையெடுத்து வந்த வடுகரின் கையில் அவர் கொல்லப்பட்டார். சேசு சபையில் மறைசாட்சியாக உயிர் நீத்த முதல் குரு அவரே. எஞ்சியிருந்த தோழர்கள் கூடி அண்டிரிக் அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டனர். இருபத்தொன்பது வயதில் ஏற்ற அந்தப் பொறுப்பைக் கால் நூற்றாண்டுக்கு மேல் சுமந்தார்.

தலைவரானதும் அவர் செய்த ஓர் ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. புதிதாக வரும் குருக்கள் தமிழ் கற்றே ஆகவேண்டும். தங்களுக்குள் பேசும்போதும் தமிழிலேயே பேச வேண்டும். தவறி வேறு மொழி பேசினால் அதற்கு ஒரு தண்டனை உண்டு. போர்த்துக்கீசியர் நாலைந்து பேர் புன்னைக்காயல் வீட்டில் உட்கார்ந்து, சோறு கேட்பதற்கும் தமிழைத் தேடித் தடுமாறும் காட்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது, மரியாதையும் வருகிறது. மாடியில் இருந்து இறங்கி மணலில் உட்காரத் துணிந்தவர்கள் அவர்கள்.

அவருடைய காலம் அமைதியான காலம் அன்று. 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அவரும் பிடிபட்டுச் சிறைத் துன்பம் அனுபவித்தார். 1560-இல் மீண்டும் அவ்வூர் தாக்கப்பட்டது. மக்களில் ஒரு பகுதியினரை மன்னார்த் தீவுக்குக் குடியேற்றியபோது அவர்களோடு தாமும் போனார். இடையில் புன்னைக்காயலில் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தி, மக்களின் காணிக்கையைக் கொண்டே அதை நடத்தினார். தமிழில் உயர்கல்வி தரும் கல்லூரி ஒன்று வேண்டும் என்று அந்நாளிலேயே திட்டமிட்டார். ஒருபக்கம் படையெடுப்பு, ஒருபக்கம் நோய், ஒருபக்கம் முத்துச் சலாபத்தின் மேல் கண்வைத்த கப்பித்தான்மாரின் பேராசை. இத்தனைக்கும் நடுவில் அவருடைய எழுதுகோல் ஓயவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்து மறைபரப்புப் பணி போர்த்துக்கீசிய அரசின் நிழலில் நடந்தது. அரசர் பணம் கொடுத்தார், கப்பல் கொடுத்தார், அதே அரசரின் அதிகாரிகள் மக்களைச் சுரண்டவும் செய்தனர். சவேரியாரே அதைக் கண்டு மனம் கசந்து எழுதியிருக்கிறார். முத்துக்குளித்துறை மக்கள் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றதும் பகைவரிடமிருந்து காவல் தேடியே என்பது வரலாறு. இதை ஒப்புக்கொள்வதால் நம் விசுவாசம் குறைந்துவிடாது. காவலுக்காக வந்த மக்கள் காவல் போன பின்பும் ஏன் நிலைத்து நின்றார்கள் என்ற கேள்வியே முக்கியமானது. தூத்துக்குடி 1658-இலும் கொச்சி 1663-இலும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர். போர்த்துக்கீசியக் கொடி இறங்கியது. ஆனால் நம் கரையில் செபம் நிற்கவில்லை. ஏன்? அதற்குள் செபம் கொடியின் மொழியிலிருந்து வீட்டின் மொழிக்கு வந்துவிட்டது என்பதே எமக்குத் தோன்றும் விடை.

செபத்தை வீட்டு மொழிக்குக் கொண்டு வந்த அந்த நூல்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

முதலில் 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறு செபநூல் அச்சாயிற்று. தமிழ்ச் செபங்களை உரோமை எழுத்தில் அச்சிட்ட நூல் அது. வின்சென்ட் நாசரேத், சார்ச் கார்வாலோ, தோமா தெ குரூஸ் என்ற மூவர் அதை ஆக்கித் தந்தனர். ஆனால் தமிழ் வாயில் இருந்தது. எழுத்து வேறாக இருந்தது. நம் ஊர்க் கணக்கப்பிள்ளை அதை எப்படி வாசிப்பார்?

தமிழ் எழுத்தையே ஈயத்தில் வார்க்க வேண்டும். 1577-இல் கோவாவில் சகோதரர் சுவாம் கொன்சால்வஸ் தமிழ் எழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் சுவாம் தெ ஃபாரியா அடிகளார் அவற்றிலும் செம்மையான எழுத்துகளை ஆக்கினார். இவ்வாறு 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. பதினாறே பக்கம். இன்று நம் கைக்கு எட்டியவற்றுள், இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான மிகப் பழைய நூல் அதுவே. அண்டிரிக் அடிகளாரும் மனுவேல் தெ சான் பேத்ரோ அடிகளாரும் அதன் மொழிபெயர்ப்பாளர்கள்.

கொல்லம் எங்கே இருக்கிறது? நம் கரையில் நின்று வடமேற்கே பார்த்தால் அதே கடல், அதே அலை. நம் வள்ளங்கள் போய்வரும் துறை. நம் முன்னோர் திருமுழுக்குப் பெற்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அவர்கள் சொல்லிய மொழியில், அதே கரையோரத்தில் முதல் நூல் அச்சாயிற்று. அண்டிரிக் அடிகளாருக்கும் நமக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு இதுவே விடை.

அத்தோடு நிற்கவில்லை. 1579 நவம்பர் 14-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 120 பக்கத்துக்கு வினாவும் விடையுமாக அமைந்த மறைக்கல்வி நூல் அது. 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்வதற்கான நூல் வந்தது. 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் வந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேல் புனிதர்களின் வாழ்க்கையை விரித்துரைக்கும் உரைநடை. தமிழில் பெரும்பாலும் பாட்டாகவே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வாசித்தால் விளங்கும் வசனத்தில் அவ்வளவு பெரிய நூலை எழுதி அச்சிட்டது சாதாரணச் செயலன்று. அந்த எழுத்துகளில் இன்றுள்ளதுபோல் மெய்க்குப் புள்ளி இல்லை; எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. ஓலையில் எழுதிய வழக்கமே அச்சிலும் தொடர்ந்தது.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முத்துக்குளித்துறைக் கிறித்தவர்கள் வாரிக் கொடுத்தார்கள். மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போய்ச் சிப்பி அள்ளிய கைகள் தமிழ் எழுத்தை வார்க்கக் காசு கொடுத்தன. அந்நாளில் அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரிந்திராது. தமக்கு வாசிக்கத் தெரியாத நூலுக்குப் பணம் கொடுத்த மக்களைப் பற்றி நினைக்கும்போது, நம் பள்ளிக்கு மண் சுமந்த தாத்தாமாரும் பாட்டிமாரும் நினைவுக்கு வருகிறார்கள்.

அண்டிரிக் அடிகளார் தனியே இவற்றைச் செய்தார் என்று எண்ணக் கூடாது. கொல்லத்தில் திருமுழுக்குப் பெற்ற பேத்ரோ லூயிஸ் என்ற பிராமண இளைஞர் 1561-இல் சேசு சபையில் சேர்ந்தார். அச்சபையில் சேர்ந்த முதல் இந்தியர் அவரே. பின்னர்க் குருவாகி இக்கரைகளில் உழைத்த அவருடைய துணை அடிகளாருக்குக் கிடைத்தது. இன்னும் பெயர் தெரியாத கணக்கப்பிள்ளைமார், உபதேசியார்கள், 'சாமி, நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம், இப்படிச் சொல்வோம்' என்று திருத்திய கிழவிகள் எத்தனை பேரோ!

மொழிகள் கொடுத்து வாங்கிக்கொண்ட காலம் அது. சாவி, சன்னல், அலமாரி, மேசை, பாதிரி, குருசு எல்லாம் போர்த்துக்கீசியர் வழியே நம் வாய்க்கு வந்த சொற்கள்தான். நாம் அவர்களிடம் சாவியையும் சன்னலையும் வாங்கிக்கொண்டோம். அவர்களில் ஒருவர் நம்மிடம் மொழி முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

1600-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் புன்னைக்காயலில் அவர் இறைவனடி சேர்ந்தார். வயது எண்பதை எட்டியிருந்தது. இந்திய மண்ணில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்த அவர் தாய்நாடு திரும்பவே இல்லை. தூத்துக்குடியில் பனிமய மாதா கோவிலில் அவரை அடக்கம் செய்தனர். அவர் இறந்த செய்தி கேட்டு, அயலூர்களில் இந்துக்கள் கடைகளை அடைத்தனர், இசுலாமியர் நோன்பு இருந்தனர் என்று பழைய சேசு சபைக் குறிப்புகள் கூறுகின்றன.

இந்தச் செய்தியைத் தேங்காய்ப்பட்டணத்தில் நின்று சொல்லும்போது அதன் பொருள் கூடுகிறது. இவ்வூரின் பழமை நம்முடையது மட்டுமன்று. பாங்கொலியும் கோவில் மணியும் கேட்டு வளர்ந்த ஊர் இது. நம் ஊரின் இசுலாமிய சமுதாயத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் அவர்கள் 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைத் தந்து இந்தக் கரையின் பேச்சை அச்சில் ஏற்றினார், 1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார், 2019-இல் மறைந்தார். அவரும் மலையாளம் வழியே படித்தவர்தான். கரையின் சொல்லைக் கரையின் சொல்லாகவே எழுதத் துணிந்தபோது அது தமிழ்நாடெங்கும் போயிற்று. நானூறு ஆண்டு இடைவெளியில் வேறு வேறு நோக்கத்தோடு இருவர் இந்தக் கடலோரத்துப் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள்.

அண்டிரிக் அடிகளாரின் நூல்கள் என்ன ஆயின? நம் கரையில் ஒன்றும் தங்கவில்லை. உப்புக் காற்றும் கறையானும் போரும் அவற்றைத் தின்றன. தம்பிரான் வணக்கம் அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கிடக்கிறது. பாவசங்கீர்த்தன நூல் ஆக்சுபோர்டில் இருக்கிறது. அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஈழத்தில் பிறந்த தனிநாயகம் அடிகளார் 1954-இல் ஐரோப்பிய நூலகங்களைத் தேடிச் சென்று, லிஸ்பன் செபநூல் போன்றவற்றைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சேசு சபை அருட்தந்தை இராசமாணிக்கம் அவர்கள் பெரும்பாடுபட்டு 1967-இல் அடியார் வரலாற்றை மறுபதிப்பாகத் தூத்துக்குடியிலிருந்து வெளியிட்டார்கள். இவ்விருவரும் இல்லையேல் இன்று நாம் இங்கே பேசப் பொருளே இருந்திராது.

அன்பர்களே, இவ்வளவும் கேட்டபின் நம் பக்கம் சற்றுத் திரும்புவோம்.

இந்த யூபிலி மலருக்காகச் செய்தி திரட்டியபோது, நாம் வயதான தாய்மார் சிலரிடம் போய்ப் பழைய செபங்களைச் சொல்லக் கேட்டோம். ஒரு பாட்டி மங்கள வார்த்தை செபத்தில் 'பிரியதத்தம்' என்று சொன்னார்கள். கூட வந்த இளைஞர்கள், 'பாட்டி தப்பாகச் சொல்கிறார்கள், திருத்திப் போடுவோம்' என்றனர். திருத்த வேண்டியிருக்கவில்லை. இறையருளைக் குறிக்க நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஆண்ட சொல் அது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. திருவிதாங்கூர் காலத்துப் பள்ளிக்கூடத்து மலையாளமும் தெரியாது. 1956 நவம்பர் முதல் நாள் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் வந்த தமிழ்ப் பாடப்புத்தகமும் தெரியாது. அவர்கள் நெஞ்சில் இருந்தது கேட்டுக் கேட்டுப் பதிந்த சொல். நாமோ அதைப் பிழை என்று அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டோம். வெட்கத்தோடு இதைச் சொல்கிறோம்.

அந்தத் தாய்மார் போய்விட்டால் அந்தச் சொற்களும் அவர்களோடு போய்விடும். செபச் சொற்கள் மட்டுமல்ல. கரமடி இழுத்தவர்களின் அம்பாப் பாட்டு, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இட்ட பெயர்கள், கரையிலுள்ள மலையையும் கோவிலையும் ஒன்றோடொன்று நேர் வைத்துக் கடலில் பார் இருக்கும் இடம் காணும் கணிச்சம், எல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று இயந்திரப் படகும் செயற்கைக்கோள் கருவியும் வந்துவிட்டன, வரவேண்டியவைதான். ஆனால் 2017-இல் ஒக்கிப் புயல் நம் மேற்குக் கரையின் குடும்பங்களை உலுக்கியபோது, கடலை அறிந்த முதியவரின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நாம் கண்டோம். திரும்பி வராதவர்களின் பெயர்களையாவது ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோமா? 1544-இல் ஒவ்வொரு மீனவனின் பெயரையும் எழுதிக் கொடுத்தார் சவேரியார். நம் பங்கில் கடலுக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே?

ஆகவே இந்த யூபிலியை ஒட்டி மூன்று காரியங்களைப் பணிவோடு முன்வைக்கிறோம். முதலாவது, எண்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் இளைஞர்கள் போய், அவர்கள் சொல்லும் செபத்தையும் பாட்டையும் தொழிற்சொல்லையும் கேட்டபடியே எழுதவும் ஒலிப்பதிவு செய்யவும் வேண்டும். யாரும் திருத்தக் கூடாது. இரண்டாவது, கடலில் மாண்ட நம் பங்கு மக்களின் பெயர்களை ஆண்டு வாரியாகத் தொகுத்துக் கோவிலில் வைக்க வேண்டும். மூன்றாவது, வெளிநாட்டில் வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறையில் தமிழ் எழுத்தும் செபமும் கற்பிக்க ஒரு வகுப்பு வேண்டும். ஐந்து மாதத்தில் ஒரு போர்த்துக்கீசியர் கற்ற மொழியை, ஐந்து விடுமுறையில் நம் பிள்ளைகளால் கற்க முடியாதா?

முடிக்கு முன் அந்தப் பழைய பிழைக்கு ஒருமுறை திரும்புவோம். விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக நம் முன்னோர் சிறிது காலம் 'வேணும்' என்று சொன்னார்கள். அது அவர்கள் குற்றம் அன்று, மொழிபெயர்த்தவரின் குறை. மனம் நம்பியது, சொல்தான் பிழைத்தது. இன்று நமக்குச் சொல் சரியாக இருக்கிறது. அச்சடித்த செபப் புத்தகம் வீடு வீடாக இருக்கிறது. ஆனால் கோவிலுக்கு வந்து நாம் கேட்பதெல்லாம் என்ன? படகு வேணும், வேலை வேணும், விசா வேணும், வீடு வேணும். கேட்பது தவறில்லை, தகப்பனிடம் பிள்ளை கேளாமல் யாரிடம் கேட்பது? ஆயினும் 'வேணும்' என்பதோடு நின்றுவிட்டால், 1544-இல் திருத்தியதை நாம் மறுபடியும் பிழையாக்கியவர்கள் ஆவோம். அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்காகச் சவேரியார் மடல் எழுதினார். மற்றச் சொற்களைத் திருத்துவதற்காக அண்டிரிக் அடிகளார் ஒரு வாழ்நாளையே கொடுத்தார்.

அவருக்குக் கல்லில் சுரூபம் எழுப்பச் சொல்லவில்லை. அடுத்த திருநாள் ஒன்றில், நம் வீட்டில் எழுத்தறியாத முதியவர் ஒருவர் செபம் சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், காது கொடுத்துக் கேளுங்கள். அண்டிரிக் அடிகளாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாக இருக்கட்டும்.

யூபிலி கண்ட நம் பங்கையும், கடலில் இருக்கும் நம் மக்களையும் இறைவன் காப்பாராக!